மதிப்புரையைக் கண்டித்து

பின்சீட்டில் சத்தம் போடுகிறவர்கள் என்னோடு வந்தவர்கள்தான். மன்னித்துக்கொள்ளுங்கள். திருமங்கலம் தாண்டினால் களைத்துப்போய்த் தானாக அடங்கிவிடுவார்கள். மதுரையில் இன்று ஓர் ஆர்ப்பாட்டம். வெற்றி பெற்றுத் திரும்புகிறோம். வெற்றி பெற்றவன் எதற்காக முன்சீட்டில் தனியாக வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவில்லை. பரவாயில்லை, நானே சொல்கிறேன்.

நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர். டிக்கெட் எடுக்கும்போது காதில் விழுந்தது. நான் ராஜபாளையம். மில் கேட் பக்கம் வந்து தோழர் குருவலிங்கம் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டுவிட்டுப் போவார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மீதிப் படிப்பு முழுக்கத் துண்டறிக்கையில் படித்தது. அதில் ஒரு நன்மை உண்டு, சுற்றி வளைத்துப் பேச வராது. ஒரு கெடுதலும் உண்டு, எதை எழுத ஆரம்பித்தாலும் கடைசியில் ‘அணிதிரள்வீர்’ என்று முடிந்துவிடும். கல்யாணப் பத்திரிகையைக்கூட அப்படி எழுதிவிட்டேன் என்று என் மனைவி சீனியம்மாள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

நான் ஒரு புத்தகம் எழுதினேன். எங்கள் மில்லில் அறுநூறு பேர் நடத்திய வேலைநிறுத்தத்தின் வரலாறு. ‘வாயில்கூட்டம்’ என்று தலைப்பு. ஷிப்ட் விடும் நேரத்தில் கேட்டுக்கு முன்னால் போடுகிற கூட்டத்துக்கு எங்களிடம் அதுதான் பெயர். தோழர்கள் ஆளுக்கொரு பிரதி வாங்கிக்கொண்டார்கள். வெளியீட்டு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. ‘நெடுவழி’ என்று மதுரையிலிருந்து ஒரு மாத இதழ் வருகிறது, எங்கள் இயக்கத்தின் பக்கம் நிற்கிற இதழ்தான், அதற்கு இரண்டு பிரதி மதிப்புரைக்கு அனுப்பினேன்.

இதழ் தபாலில் என் வீட்டுக்கே வரும். ஆனாலும் நான் நூலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் பிரித்துப் படிக்க வேண்டும் என்று ஓர் ஆசை. சத்தமாகத்தான் ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில் குரலைக் குறைத்தேன். ஐந்தாவது வரியில் வாயை மூடிக்கொண்டேன்.

“என்ன தோழர், நிறுத்திட்டீங்க?” என்றார் ஒருவர்.

“கண்ணாடி சரியில்லை” என்றேன்.

மதிப்புரை எழுதிய அம்மாள் என்ன எழுதியிருந்தாள் தெரியுமா? அ. ஜெஸிந்தா என்று பெயர். ‘இந்நூலில் தோழர் பேசிய பேச்சுகள் முழுமையாக உள்ளன. அவர் பேசி முடித்ததும் எல்லோரும் கை தட்டுகிறார்கள். கை தட்டுவதைத் தவிர அந்த அறுநூறு பேரும் வேறெதுவும் பேசுவதில்லை.’ இது முதல் அடி. அடுத்தது, ‘மறியலில் லாரி மோதி அய்யனார் என்ற தொழிலாளி இறந்தது ஒரே வரியில் வருகிறது. அவருடைய இரங்கல் கூட்டத்தில் ஆசிரியர் ஆற்றிய உரை நான்கு பக்கம்.’

அய்யனார் என் சிநேகிதன், நண்பரே. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஒரு வரியில் எழுதினேன் என்றால் அதற்கு மேல் எழுத வரவில்லை என்று அர்த்தம். இது இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணுக்கு எப்படித் தெரியும்? நான்கு பக்க உரையை மட்டும் எப்படி எழுதினேன் என்று கேட்டால்... நீங்கள் கேட்கவில்லை. சரி.

கடைசியில் ஒரு பத்தி. ‘லாக்கப்பில் கழித்த ஓர் இரவைச் சொல்லும் நாற்பத்தோராம் பக்கம் மட்டும் மனிதக் குரலில் இருக்கிறது. மற்றதெல்லாம் ஒலிபெருக்கி. சில பக்கங்களைக் கத்தியால் பிரித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது.’ அவ்வளவுதான். முடிந்தது.

அந்த நாற்பத்தோராம் பக்கத்தை நான் எடுத்துவிடச் சொல்லியிருந்தேன். அடி விழுமோ என்று பயந்து, ஒரு மூலையில் உட்கார்ந்து, அம்மா பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த இரவு அது. எழுதிவிட்டேனே தவிர, தலைவன் என்று சொல்லிக்கொள்கிறவன் புத்தகத்தில் இருக்க வேண்டிய விஷயமா? அச்சகத்தில் மறந்துவிட்டார்கள். நூறு பேச்சு பேசியவனை விட்டுவிட்டு, மூலையில் உட்கார்ந்திருந்தவனைப் போய்ப் பாராட்டுகிறாள். கத்தி என்று வேறு எழுதுகிறாள். அதை நான் குத்தல் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

விமர்சனம் எனக்குப் புதிதில்லை, தெரிந்துகொள்ளுங்கள். சுயவிமர்சனம் என்று இளைஞர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். நிர்வாகம் என்னை ‘விரும்பத்தகாத நபர்’ என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது அந்தத் தாளைக் கிழியாமல் உரித்து வந்து ஃபிரேம் போட்டு மாட்டியவன். அதைச் சுட்டிக்காட்டித்தான் சீனியம்மாள் கேட்டாள்.

“மொதலாளி உங்கள ரவுடின்னு எழுதினா சட்டம் போட்டு மாட்டுவீக. ஒரு பொம்பள நாலு வரி எழுதினா மட்டும் சோறு எறங்கலையாக்கும்?”

“அது எதிரி எழுதினது. இது நம்ம பத்திரிகை.”

“அப்ப நம்மாளு பொய் சொல்ல மாட்டாகல்ல?” என்றாள்.

தட்டை வைத்துவிட்டு எழுந்து சங்க அலுவலகத்துக்குப் போனேன்.

மற்ற எழுத்தாளர்கள் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வார்களோ எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்ப் புத்தகக்கடைக்காரர் சொன்னார், “ஒரு வாரம் அதைத் தொடாதீங்க. அப்புறம் ஒரு தடவை படிச்சுப் பாருங்க. அப்புறம் அடுத்ததை எழுதுங்க. எல்லாரும் அப்படித்தான்.” ஒரு வாரம் சும்மா இருப்பதா? நான் சும்மா இருந்து பழக்கமில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழிதான். யாராவது அடித்தால், அவனுக்குப் பின்னால் நின்று தூண்டிவிட்டவன் யார் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் கண்டன அறிக்கை. அப்புறம் கையெழுத்து இயக்கம். அதற்கும் மசியாவிட்டால் ஆர்ப்பாட்டம். மில்லுக்குச் செய்ததை மதிப்புரைக்கும் செய்தேன்.

ஜெஸிந்தா என்பது புனைபெயர், எதிர்ச் சங்கத்து ஆள் எவனோ பெண் பெயரில் எழுதுகிறான் என்றேன். எங்கள் செயலாளர் பால்வண்ணன் மதுரைக்குப் போய் விசாரித்து வந்தான். அதோ, பின்சீட்டில் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே, அவன்தான். நல்ல பையன். நாற்பத்தைந்து வயதாகிறது, எனக்குப் பையன்தான்.

“நெசமாவே அந்தப் பேருல ஒரு அம்மா இருக்காங்க தோழர். இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேலை. சாயங்காலம் புத்தகம் படிப்பாங்களாம். மாசம் ஒண்ணு எழுதுவாங்களாம்.”

“பின்னணி?”

“ஸ்கூட்டர் ஒண்ணு வச்சிருக்காங்க. வேற ஒண்ணும் தெரியல.”

பின்னணி இல்லாமல் ஒருவர் என்னைக் குறை சொல்வார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. ஆழமான சதி, அதனால்தான் தடயம் இல்லை என்றேன். பால்வண்ணன் நம்பினான். அறிக்கை எழுதினேன். ‘தொழிலாளி வர்க்கத்தின் தியாக வரலாற்றை இழிவுபடுத்திய நெடுவழியே, பகிரங்க மன்னிப்புக் கேள். அந்த மதிப்புரையாளரை உடனே நீக்கு.’ நன்றாக வந்திருந்தது. என் எழுத்திலேயே அதுதான் நன்றாக வந்தது என்று இப்போது தோன்றுகிறது.

கையெழுத்து வாங்க வீடு வீடாக நானே போனேன். முதல் வீடு தோழர் கடற்கரையின் வீடு. என்னோடு டிஸ்மிஸ் ஆனவர், என்னைவிட மூத்தவர். கையெழுத்துப் போட்டுவிட்டு, “புத்தகம் பிரமாதம் தோழர்” என்றார். கையோடு அலமாரியில் இருந்து எடுத்தும் வந்தார். பிளாஸ்டிக் உறை போட்டு, மேலே சந்தனம் வைத்து, அவ்வளவு மரியாதையாக வைத்திருந்தார். நான் வாங்கிப் புரட்டினேன்.

முப்பத்து மூன்றாம் பக்கத்துக்குப் பிறகு புரளவில்லை.

அச்சகத்தில் பதினாறு பக்கத்தை ஒரே தாளில் அடித்து மடித்து, பிறகு ஓரத்தை வெட்டுவார்கள். அதை ஒரு பாரம் என்பார்கள். என் புத்தகத்தில் ஒரு பாரத்தின் மேல் மடிப்பு வெட்டுப்படவே இல்லை. பக்கமெல்லாம் பை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பிரதியில் அப்படி நேர்வது உண்டு. ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கேயும் கையெழுத்து. அங்கேயும் ‘பிரமாதம்’. வாங்கிப் புரட்டினேன். அங்கேயும் பை. அதற்கடுத்த வீடு. அதற்கடுத்த தெரு. எல்லாப் பிரதியும் அப்படித்தான். மாதக்கணக்காக யார் வீட்டிலும் ஒரு பிளேடு எடுத்துக் கிழிக்கவில்லை. என்னிடம் வந்து பக்கம் ஒட்டியிருக்கிறது தோழர் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு வீட்டில் என் பேச்சு மனப்பாடம் என்றார்கள். ஒரு வீட்டில் அழுதுவிட்டேன் என்றார்கள். கேட்டுக்கொண்டே, ஒட்டியிருந்த பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்த மதிப்புரையை எடுத்தேன். ‘சில பக்கங்களைக் கத்தியால் பிரித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது.’ அது குத்தல் இல்லை, நண்பரே. இருந்ததைத்தான் எழுதியிருந்தாள். நாற்பத்தோராம் பக்கம் அந்தப் பாரத்துக்குள்தான் இருக்கிறது. அய்யனார் செத்த வரியும் அதற்குள்தான். என் புத்தகத்தை உள்ளே போய்ப் படித்தவர் உலகத்தில் ஒரே ஒருவர். அவரைத்தான் நீக்கச் சொல்லி ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

இல்லை, கொஞ்சம் பொறுங்கள், நான் முடித்துக்கொள்கிறேன். நீங்கள் சொல்ல வருவது எனக்குத் தெரியும். அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நிறுத்தப் பார்த்தேன். மறுநாள் காலையிலேயே பால்வண்ணனைக் கூப்பிட்டு, “ஆர்ப்பாட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்போமே” என்றேன்.

அவன் சிரித்தான். “‘அறிவிச்ச போராட்டத்தை வாபஸ் வாங்கினா அடுத்த போராட்டத்துக்கு ஆள் வராது.’ நீங்க சொன்னதுதான் தோழர். புத்தகத்துலகூட எழுதியிருக்கீங்கன்னு நெனைக்கிறேன்.”

நெனைக்கிறானாம். எழுதித்தான் இருக்கிறேன். அதுவும் அந்தப் பாரத்துக்குள்தான் இருக்கிறது.

அதற்குமேல் வாய் திறக்கவில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால், உங்களில் ஒருவரும் என் புத்தகத்தைப் படிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அவர்கள் வெட்கப்படுவார்கள் என்று விட்டுவிட்டேன். அவர்களுக்காகத்தான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை நெடுவழி ஆபீசுக்கு எதிரே நின்றோம். சின்ன ஆபீஸ், கீழே ஜெராக்ஸ் கடை, மேலே அவர்கள். ஆசிரியர் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். பயந்த மனிதர். நாங்கள் கோஷம் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியபோது ஐம்பது வயதுப் பெண். தலை நரைத்திருந்தது. ஆபீசுக்குப் போகிற வழியில், அடுத்த மாதக் கட்டுரையைக் கொடுக்க வந்திருக்கிறார். எங்கள் பதாகையைப் பார்த்தார். தன் பெயரைப் படித்தார். மாடிக்கு ஓடிவிடுவார் என்று நினைத்தேன். நேராக என்னிடம் வந்தார்.

“தோழர் குருவலிங்கம் நீங்கதானேய்யா? அட்டையில போட்டோ பார்த்திருக்கேன்” என்றார். “நான் எழுதினதுல எது தப்புன்னு சொல்லுங்க. அடுத்த இதழ்லயே திருத்திக்கிறேன்.”

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பதில் தெரியும். தப்பு ஒன்றுமில்லை என்பதுதான் பதில். ஆனால் பின்னால் கோஷம் காதைப் பிளக்கிறது. சத்தத்தை நிறுத்தினால்தானே சொல்ல முடியும்? நிறுத்துங்கள் என்று சொல்வதற்குக் கையைத் தூக்கினேன்.

தூக்கியதும் சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது.

கையைத் திருப்பிப் பார்த்தேன். முஷ்டி மடங்கியிருந்தது. இதோ, இப்படி. ஐம்பது வருடமாக மேலே போகும்போதெல்லாம் மடங்கிய கை, அதுவாகவே மடங்கிக்கொண்டது. விரலை விரித்திருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். என் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் விரிக்கவில்லை, நண்பரே. அவ்வளவு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தூக்கிய கையை எப்படி இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் “சரிங்கய்யா” என்றார். கட்டுரையைக் கொடுக்காமலே பைக்குள் வைத்துக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் ஆசிரியர் இறங்கி வந்தார். எல்லாவற்றுக்கும் சரி என்றார். வருத்தம் தெரிவித்து ஓர் அறிவிப்பு, ஜெஸிந்தா இனி எழுத மாட்டார் என்று அதிலேயே ஒரு வரி. இன்று ராத்திரி எட்டு மணிக்கு இதழ் அச்சுக்குப் போகிறது, அதிலேயே போட்டுவிடுகிறேன் என்றார். பால்வண்ணன் என்னைத் தோளில் தூக்கிவிட்டான். இந்த வயதில்.

இப்போது மணி என்ன? ஐந்தா? இந்தப் பேருந்து நிற்கிற இடமெல்லாம் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். பண்ணினேன். அந்த மனிதர் எடுக்கவில்லை. என் பெயரைப் பார்த்தால் எடுப்பாரா? ஒரே வழி, இப்போது இவர்களிடம் எழுந்து சொல்லிவிடுவது. தோழர்களே, நாம் செய்தது தவறு, அந்த அறிவிப்பு வரக்கூடாது, இறங்கி மதுரைக்கே திரும்புவோம் என்று. இரண்டு வரிதான். அதைச் சொல்லத்தான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

என்ன பால்வண்ணா? இரண்டு வார்த்தையா? எல்லாருக்குமா? வருகிறேன், வருகிறேன்.

நல்லதாகப் போயிற்று, அவர்களே கூப்பிடுகிறார்கள். இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

*

நீங்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள்.

ஆரம்பித்தது சரியாகத்தான் ஆரம்பித்தேன். ‘தோழர்களே, இன்று நாம் செய்ததைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்’ என்றேன். அதுவரை சரி. அதற்குள் கடற்கரை ஒரு கை தட்டினார். ஒரே ஒரு கை தட்டல்தான். அப்புறம் என் வாய் அதன் வழியில் போய்விட்டது. பேனா பிடித்த கைகளுக்கு உழைக்கும் கைகள் பாடம் புகட்டிய நாள் என்று எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. அணிதிரள்வீர் என்று முடித்தேனா? முடித்தேன், இல்லையா? டிரைவர்கூட ஹாரன் அடித்தார். உங்களுக்கு முன்னால் திரும்பி வந்து உட்காரவே ஒரு மாதிரி இருக்கிறது. நீங்கள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருங்கள், பரவாயில்லை.

அது என்ன, கல்லுப்பட்டியா? வந்துவிட்டதா?

அந்தப் பையைக் கொடுங்கள். கண்டக்டர், நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன். ராஜபாளையம் டிக்கெட்தான், பரவாயில்லை, இறங்கிக்கொள்கிறேன். ஒன்றுமில்லை பால்வண்ணா, வயிறு சரியில்லை. காலையில் சாப்பிட்ட பொங்கல். இங்கே எனக்குத் தெரிந்த வீடு இருக்கிறது. நீ வர வேண்டாம். வேண்டாம் என்றால் வேண்டாம், இது கட்டளை. நீ இவர்களைக் கூட்டிக்கொண்டு போ. நாளைக்கு வந்துவிடுகிறேன்.

போய்விட்டானா? திரும்பிப் பார்க்கிறானா? சரி, கேளுங்கள். எதிர்ப்பக்கம் மதுரை வண்டி நிற்கிறது. அதைப் பிடித்தால் எட்டு மணிக்குள் போய்விடலாம். அவன் உங்களிடம் வந்து கேட்டால் வயிறு என்றே சொல்லுங்கள். மாற்றிச் சொல்லிவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

சங்கம் போராட்டம் நடத்தும்போது அதற்குத் தெரியாமல் தனியாகப் போய் நிர்வாகத்திடம் பேசுகிறவனைக் கருங்காலி என்போம். அந்தச் சொல்லை எத்தனையோ பேர் வீட்டுச் சுவரில் தாரில் எழுதியிருக்கிறேன். தார் போகாது, சுவரை இடித்தால்தான் போகும். ஒரு வீட்டில் அந்த ஆளின் மகள் கல்யாணத்துக்கு முதல்நாள் எழுதினேன். அவர்களும் இப்படித்தான், யாரும் பார்க்காமல், வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார்கள்.

வண்டி எடுக்கப் போகிறார்கள், இறங்குகிறேன். அந்த ஆபீசுக்குப் பின்வாசல் ஒன்று இருக்கிறதா என்று தெரியவில்லை. காலையில் அத்தனை நேரம் முன்னால் நின்று கத்தினேன், அதைப் பார்த்து வைக்கத் தோன்றவில்லை.